தமரின் தனசுகான்: நான்காம் சுற்றோடு நின்றவரா?

3 ஜூலை 2023, மாலை (வாசகர் கேள்வி)

விம்பிள்டன் இன்று தொடங்கிவிட்டது. போன வாரம் ஆசிய டென்னிஸ் வீராங்கனைகளைப் பற்றிப் பேசும்போது சீனாவின் லி நா, நம் சானியா, ஜப்பானின் கிமிகோ டாட்டே வரிசையில் தாய்லாந்தின் தமரினையும் சேர்த்திருந்தீர்கள். மற்றவர்கள் சரி. இவர் எதற்கு? எட்டிய உச்சம் 19ஆம் இடம். ஒற்றையர் பட்டம் நான்கே நான்கு. விம்பிள்டனில் நான்காம் சுற்றைத் தாண்டாதவர். பாங்காக்கில் வேலை பார்த்த பாசத்தில் சேர்த்துவிட்டீர்களா?

3 ஜூலை 2023, இரவு 10.40

தாண்டினார். 2008இல். நான்காம் சுற்றில் அவர் வீழ்த்தியது இரண்டாம் தரநிலையில் (போட்டிக்கு முன் முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் வரிசை எண்) இருந்த யெலெனா யான்கோவிச்சை. 6-3, 6-2. அப்போது தமரினின் உலகத் தரவரிசை 60, வயது 31. விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் கால் இறுதிக்குப் போன முதல் தாய்லாந்துப் பெண் அவர்தான். கால் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸிடம் 6-4, 6-3 என்று தோற்றார். அந்த வருடம் வீனஸ்தான் கோப்பையை வென்றார்.

நான்கு பட்டம் என்பது சரி. 2003 ஹைதராபாத், 2008இலும் 2009இலும் ஹாலந்தின் ரோஸ்மாலன் புல்தரை, 2010 ஒசாகா. 19ஆம் இடமும் சரி, 2002 மே மாதம். ஆனால் இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். உச்ச தரவரிசையைத் தொட்டபோது கையில் ஒரு பட்டம்கூடக் கிடையாது. நான்கில் மூன்று பட்டம் 31 வயதுக்கு மேல் வந்தவை. எல்லோருக்கும் இறங்குமுகமாக இருக்கும் வயதில் இவருக்கு ஏறுமுகம். நான் சேர்த்தது அதற்காகத்தான்.

அதற்கு முன்னால் அதே விம்பிள்டனில் ஐந்து முறை நான்காம் சுற்றில் தோற்றிருக்கிறார். அந்த ஐந்தையும் கணக்கில் எடுக்காமல் அந்த யான்கோவிச் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

பாங்காக் பாசம் உண்டு. மறுக்கவில்லை.

4 ஜூலை 2023, காலை

ஐந்து இல்லை, ஆறு. 1998, 1999, 2000, 2001, 2002 என்று தொடர்ந்து ஐந்து வருடம், அப்புறம் ஒரு வருடம் விட்டு 2004. தொடர்ச்சியான ஐந்து மட்டும் நினைவில் நின்றதால் 2004ஐ விட்டுவிட்டேன். அதில் தோற்றது செரீனாவிடம்.

ஆறு முறை. முதல் தடவை அவருக்கு 21 வயது. ஒவ்வொரு ஜூனிலும் லண்டனுக்குப் போய், மூன்று பேரை வென்று, இரண்டாவது வாரத்துத் திங்கட்கிழமை நான்காவது ஆளிடம் தோற்றுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டும். ஒரு வருடம் அப்படி என்றால் அனுபவம் என்று சொல்லிவிடலாம். ஐந்து வருடம் வரிசையாக என்றால் அந்தத் திங்கட்கிழமை விடியும்போது மனதில் என்ன ஓடும்?

வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதைத் தடை என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. ஐந்து வருடம் தொடர்ந்து விம்பிள்டனின் கடைசி 16 பேரில் ஒருவராக இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? தோற்ற சுற்றை மட்டும் பார்ப்பதும் அதற்கு முன்னால் வென்ற பதினைந்து ஆட்டங்களைப் பார்ப்பதும் வேறு வேறு.

5 ஜூலை 2023, இரவு

வெயிலும் சிமெண்டுத் தரையுமாக உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குப் புல்தரை எப்படி ஒத்துப்போனது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் அவருடைய அடியில்தான் இருக்கிறது.

தமரின் பந்தைத் தட்டையாக அடிப்பவர். ராக்கெட்டைப் பெரிதாகப் பின்னால் இழுக்க மாட்டார். பந்தை மேல்நோக்கிச் சுழற்றி அடிக்கும் டாப்ஸ்பின் குறைவு. பந்து வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நேராகப் பறந்து போகும். களிமண் தரையில் இப்படி அடித்தால் பந்து எதிராளியின் இடுப்புயரத்துக்கு வசதியாக எழும்பி நிற்கும், அவர் ஆற அமரத் திருப்பி அடிப்பார். புல்லில் அதே பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே ஓடும். எதிராளி குனிந்து தோண்டி எடுக்க வேண்டும். உயரமான, நீளமாக ராக்கெட்டை வீசும் ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய இம்சை.

இன்னொன்று. 2001இல் விம்பிள்டன் புல்லையே மாற்றினார்கள். முன்பு இரண்டு வகைப் புல் கலந்த தரை. அந்த ஆண்டிலிருந்து முழுக்க ஒரே ரகம், ரை புல். தரை இறுகியது, பந்து கொஞ்சம் கூடுதலாக எழும்பத் தொடங்கியது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதைச் சொல்லிப் புலம்பினார்கள். தமரின் பழைய புல்லிலும் நான்காம் சுற்று போனார், புதிய புல்லிலும் போனார். எனவே தரையின் தயவு மட்டும் இல்லை.

நான் பாளையங்கோட்டையில் சிமெண்டுத் தரையில் கற்றவன். எங்கள் வாத்தியார் தட்டையாக அடித்தால் திட்டுவார். "வலைக்கு மேல மூணடி விடுலே" என்பார். பாதுகாப்பான ஆட்டத்துக்கு அதுதான் சரி. தட்டையாக அடிப்பவனுக்குத் தப்பு செய்ய இடமே கிடையாது. இரண்டு அங்குலம் குறைந்தால் வலை, கூடினால் கோட்டுக்கு வெளியே. அப்படி ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் பிழைப்பு நடத்தியிருக்கிறார்.

6 ஜூலை 2023, மதியம்

அவர் பெயரைத் "தனசுகர்ன்" என்று ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். தாய்லாந்து மொழியில் எழுதும்போது இந்தப் பெயரின் கடைசி எழுத்துகள் ஊமை, சொல்லும்போது "தனசுகான்" என்றுதான் வரும். ஆனால் எழுதுவதைப் பிரித்துப் படித்தால் நமக்கு ஒரு ஆச்சரியம். தனம், சு, காஞ்சனம். செல்வமும் நல்ல பொன்னும். பாங்காக்கின் சிலோம் பகுதியில் நான் வேலை பார்த்த இடத்தில் கணக்கு எழுதும் தாய்லாந்து அம்மா ஒருவர் எனக்கு எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டினார். நான் "காஞ்சனம் எங்கள் ஊரிலும் பெண்களுக்குப் பெயர்தான்" என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

பரடோன் சிச்சபான் பெயரும் அப்படித்தான். ஆண்கள் டென்னிஸ் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் ஆசியர். பரடோன் என்றால் சகோதரன், நம் பிராதா. இந்தப் பிராதாவும் காஞ்சனமும் சேர்ந்து 2000இல், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக நாடுகள் மோதும் ஹாப்மன் கோப்பையில் தாய்லாந்தை இறுதி வரை கொண்டுபோனார்கள். தென்னாப்பிரிக்காவிடம் தோற்றார்கள்.

8 ஜூலை 2023, காலை

தாய்லாந்துக் கடற்கரை ஊரான பட்டாயாவில் நடந்த மகளிர் போட்டியின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. நான் அவரை நேரில் பார்த்த ஒரே தடவை அது.

2010 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. அன்றே சீனப் புத்தாண்டு. காலையில் பாங்காக்கின் எக்கமாய் பேருந்து நிலையத்தில் சிவப்புச் சட்டையும் ஆரஞ்சுப் பழக் கூடையுமாகக் கூட்டம். பட்டாயாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடற்கரையை ஒட்டிய டுசிட் ஓட்டலில் ஆட்டம். பெரிய அரங்கம் என்று நினைத்துப் போனேன். ஓட்டல் தோட்டத்துக்குள் கோர்ட் போட்டு, சுற்றிலும் தட்டிப் படிக்கட்டு கட்டியிருந்தார்கள். நம் ஊர்க் கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவது போல. அதனால்தான் அவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிந்தது.

இறுதி ஆட்டம், வேரா ஸ்வோனரேவாவுடன். முந்தைய வருடம் இதே இறுதியில் நம் சானியாவை வென்று கோப்பையை எடுத்துப் போனவர் ஸ்வோனரேவா. தமரினுக்கு அப்போது 32 முடிந்து 33ஐ நெருங்கும் வயது.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவருடைய முழங்கால். டெலிவிஷனில் இது தெரியாது. ஒவ்வொரு பந்துக்கும் முழங்கால் தரையைத் தொடுகிற அளவுக்கு மடங்கும். முதுகு வளையாது. தாழ்ந்து வரும் பந்துக்கு நம்மில் பலர் முதுகை வளைத்து ராக்கெட்டைக் கீழே விடுவோம், அவர் உடம்பையே கீழே கொண்டுபோனார். முப்பத்திரண்டு வயது முழங்காலோடு அந்த வெயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அப்புறம் சத்தம். தட்டையாக அடிக்கும் பந்துக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, பலகையில் சுத்தியல் விழுவது போலக் குறுகிய சத்தம். ஸ்வோனரேவாவின் பந்து வேறு மாதிரி, கொஞ்சம் இழுத்துக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டாலே யார் அடித்தது என்று சொல்லிவிடலாம்.

சுற்றிலும் ஜனம் "ஸூ! ஸூ!" என்று கத்தியது. போராடு என்று பொருள். எங்கள் ஊரில் நாயை ஏவிவிடத்தான் அப்படிச் சொல்வோம், எனக்கு முதல் ஐந்து நிமிடம் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாவது செட்டில் நானும் எழுந்து நின்று அதையேதான் கத்தினேன்.

6-4, 6-4. ஸ்வோனரேவா வென்றார். அந்த வருடமே ஸ்வோனரேவா விம்பிள்டன் இறுதிக்கும் அமெரிக்க ஓப்பன் இறுதிக்கும் போனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், 2008 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் இதே ஸ்வோனரேவாவைத் தமரின் வென்றிருந்தார்.

தோற்ற பிறகு மேடையில் நின்றபோது முன்வரிசைப் பாட்டி ஒருத்தி அழுதாள். சொந்த நாட்டில் அவர் கோப்பை தூக்குவதைப் பார்க்க வந்த கூட்டம் அது. யாரும் சீக்கிரம் எழுந்து போகவில்லை.

8 ஜூலை 2023, இரவு

காலையில் எழுதியதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. எழுதி முடித்து இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உறைத்தது.

2010 அவருடைய முதல் பட்டாயா இறுதி இல்லை. 1996இல் 19 வயதில் அங்கே இறுதிக்கு வந்து ருமேனியாவின் ருக்சாண்ட்ரா டிராகோமிரிடம் தோற்றிருக்கிறார். பதினான்கு வருட இடைவெளி. முன்வரிசைப் பாட்டிக்கு இது தெரிந்திருக்கும். எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அழுகையை அன்றைக்கே வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருப்பேன்.

பட்டாயாவில் ஒற்றையர் பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை. 2015க்குப் பிறகு அந்தப் போட்டியே நின்றுபோனது. ஆனால் 2010இல் அதே வாரம் நியூசிலாந்தின் மரினா எரகோவிச்சோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். வெறும் கையோடு போகவில்லை.

10 ஜூலை 2023

ஹைதராபாத் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

2003 பிப்ரவரி. இந்தியாவில் நடந்த முதல் டபிள்யூடிஏ (தொழில்முறை மகளிர் டென்னிஸ் சங்கம்) போட்டி அது. தமரினின் முதல் ஒற்றையர் பட்டமும் அதுதான். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் இரோடா துல்யகனோவாவை வென்றார். இந்த வெற்றியின் ருசி புரிய நான்கு மாதம் பின்னால் போக வேண்டும். 2002 அக்டோபர், பூசான் ஆசிய விளையாட்டு. ஒற்றையர் இறுதியில் இதே துல்யகனோவாவிடம் தோற்றுத்தான் தமரின் வெள்ளியோடு ஊர் திரும்பினார்.

அதற்கும் முன்னால் இறுதி ஆட்டங்களில் அவர் பட்ட அடி கொஞ்சமா? 2000இல் பர்மிங்ஹாம் புல்தரையில் லிசா ரேமண்டிடம். 2002இல் கான்பெராவில் அன்னா ஸ்மாஷ்னோவாவிடம். அதே வருடம் தோஹாவில் மோனிகா செலஸிடம். இந்த இறுதிகள் வரை வந்த புள்ளிகள்தான் அவரை 19ஆம் இடத்துக்கு ஏற்றின. பட்டமே இல்லாமல் உலகின் முதல் இருபதுக்குள் போவது என்றால் வாராவாரம் எவ்வளவு ஆட்டம் வென்றிருக்க வேண்டும்! ஒரு வாரம் அதிர்ஷ்டம் அடித்து வாங்கும் இடம் இல்லை அது.

இதே ஹைதராபாத் போட்டியில்தான் 16 வயது சானியா மிர்சா வைல்ட் கார்டில், அதாவது அமைப்பாளர்கள் தந்த சிறப்பு அனுமதியில், முதல் டபிள்யூடிஏ ஆட்டம் ஆடினார். முதல் சுற்றில் மூன்று செட் போராடித் தோற்றார். இரண்டு வருடம் கழித்து அதே ஹைதராபாதில் பட்டம் வென்றார். நம் பத்திரிகைகள் அன்று சானியாவைப் பற்றித்தான் எழுதின, எழுத வேண்டியதும்தான். கோப்பையை வென்ற தாய்லாந்துப் பெண்ணுக்கு ஓரத்தில் நாலு வரி. நானும் அந்த நாலு வரியைத் தாண்டிப் போனவன்தான். ஏழு வருடம் கழித்துப் பட்டாயாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் "அட, ஹைதராபாதில் வென்றது இவரா" என்று பிடிபட்டது.

11 ஜூலை 2023

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யான்கோவிச்சை வீழ்த்தியதை முதல் குறிப்பில் எழுதியபோது, அவருடைய முழங்காலைச் சொல்லவில்லை. முந்தைய சுற்றில் வோஸ்னியாக்கியோடு ஆடும்போது யான்கோவிச்சுக்கு முழங்காலில் அடி. கட்டுப் போட்டுக்கொண்டுதான் தமரினோடு ஆட வந்தார். இரண்டாம் தரநிலை ஆட்டக்காரரை ஒதுக்குப்புறமான 18ஆம் எண் கோர்ட்டில் போட்டார்கள் என்பதிலும் அவருக்குக் கோபம். கிட்டத்தட்டக் கார் நிறுத்துமிடத்தில் ஆடிய மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்.

இதைச் சொன்னால் தமரினின் வெற்றி சிறுத்துவிடுமா? இரண்டு நாளாக யோசித்தேன். சிறுக்காது என்றே தோன்றுகிறது. முழங்கால் சரியில்லாத ஆளுக்கு எதிராக எப்படி ஆட வேண்டும்? பந்தைத் தாழ்வாகப் போட்டு, இரண்டு பக்கமும் ஓடவிட்டு, குனிய வைக்க வேண்டும். தமரின் அன்றைக்கென்று புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை. அவருடைய வழக்கமான ஆட்டமே அதுதான். தவிர, எதிராளிக்கு அடிபட்டிருக்கும்போது வெல்வது சுலபம் என்று நினைப்பவர்கள் ஆடிப் பார்த்ததில்லை. ஜெயித்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் கை இறுகிவிடும். ஆறு முறை அதே சுற்றில் தோற்றவருக்கு எவ்வளவு இறுகியிருக்க வேண்டும்! இறுகவில்லை. 6-3, 6-2.

13 ஜூலை 2023, நள்ளிரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு 13 வயதாக இருந்தபோது மாநில அளவிலான போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தாள். தொடர்ந்து நான்கு போட்டிகளில் கால் இறுதியில் தோற்றாள். பயிற்சி மையத்தில் இருந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே சுற்றில் திரும்பத் திரும்பத் தோத்தா அதுதான் சார் அந்தப் பிள்ளையோட அளவு. படிப்பில் விடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பணம் வீணாகிறதே என்று எனக்காகத்தான் சொன்னார். ஆனால் அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு பேசாமல் பழைய ஆட்டம் ஒன்றைக் கணினியில் போட்டுக் காட்டினேன். 2008, தமரின், யான்கோவிச். அவளுக்குத் தமரின் யார் என்றே தெரியாது. "இவங்க இதுக்கு முன்னாடி இந்தச் சுற்றில எத்தனை தடவை தோத்தாங்க தெரியுமா" என்றேன். அவளாகவே தேடி வருடத்தை எண்ணிச் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் அப்போதே அவள் ஆறு என்றுதான் சொன்னாள். நான்தான் இந்த இழையில் ஐந்து என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது கல்லூரி அணியில் ஆடுகிறாள். தொழில்முறை ஆட்டக்காரி ஆகவில்லை, ஆகவும் மாட்டாள். அந்தப் பயிற்சியாளர் சொன்னது ஒரு வகையில் சரியாகவும் போயிருக்கலாம். ஆனால் 13 வயதில் விட்டிருந்தால் இந்த ஆறு வருடம் அவளுக்குக் கிடைத்திருக்காது.

15 ஜூலை 2023, இரவு

வொண்ட்ருசோவா வென்றுவிட்டார். தரநிலை இல்லாமல் வந்து விம்பிள்டன் மகளிர் ஒற்றையரை வென்ற முதல் பெண். பார்த்துக்கொண்டிருக்கும்போது ரோஸ்மாலன் நினைவு வந்தது.

2008 ஜூன், விம்பிள்டனுக்கு முந்தைய வாரம். தமரினுக்கு நேரடி இடமே கிடையாது. தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளே வர வேண்டும். முன்னாள் 19ஆம் இடத்துக்காரர், பெயர் தெரியாத பிள்ளைகளோடு ஓரத்துக் கோர்ட்டில் ஆட வேண்டும். பார்க்க ஆள் இருக்காது, பந்து பொறுக்கக்கூடச் சில இடங்களில் ஆள் குறைவாகத்தான் இருக்கும். பலர் அந்தக் கட்டத்தில் ஓய்வு அறிவித்துவிடுவார்கள். கௌரவமான முடிவு என்று நாமும் பாராட்டி எழுதுவோம்.

அவர் தகுதிச் சுற்று ஆடினார். அங்கிருந்து ஏறி இறுதிக்கு வந்து தினாரா சஃபினாவை 7-5, 6-3 என்று வென்றார். சஃபினா அப்போதுதான் பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆடிவிட்டு வந்திருந்தார். அடுத்த வாரம் விம்பிள்டன், கால் இறுதி. அடுத்த வருடம் ரோஸ்மாலனுக்குத் திரும்பி வந்து இறுதியில் யானினா விக்மயரை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று ஆடுகிறவர்களிடம் கேளுங்கள்.

18 ஜூலை 2023

ஜூனியர் விம்பிள்டன் பற்றி. தமரின் 1995இல் சிறுமியர் ஒற்றையர் இறுதியில் போலந்தின் அலெக்சாண்ட்ரா ஓல்சாவிடம் தோற்றார். 2009இல் சியாங் மாயைச் சேர்ந்த நொப்பவான் லெர்ட்சீவகான் அதே சிறுமியர் பட்டத்தை வென்றார், இறுதியில் தோற்றவர் கிறிஸ்டினா மிலாடெனோவிச். நான் அப்போது பாங்காக்கில் இருந்தேன். மறுநாள் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. அடுத்த தமரின் வந்தாயிற்று என்றார்கள்.

நொப்பவான் ஒற்றையரில் முதல் நூறுக்குள் வரவில்லை. மிலாடெனோவிச் முதல் பத்துக்குள் போனார். நொப்பவானிடம் என்ன குறை என்று தேடுவது நியாயமே இல்லை. இருபுறமும் இரண்டு கையால் அடிப்பவர், பார்க்க அவ்வளவு அழகு. ஜூனியரில் வெல்வதற்கும் அதற்குப் பிறகு பத்து வருடம் வாராவாரம் விமானம் ஏறுவதற்கும் வேண்டியது வேறு வேறு, அவ்வளவுதான். லுக்சிகா கும்கும் என்று இன்னொருவர், அவரும் இருபுறமும் இரட்டைக் கை. 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் பெட்ரா குவிட்டோவாவை வீழ்த்தினார். இவர் திரும்ப வருவார் இந்த இழையில்.

22 ஜூலை 2023, மாலை

வந்துவிட்டார். 2014 செப்டம்பர், இன்சியோன் ஆசிய விளையாட்டு. மகளிர் இரட்டையர் தங்கம், லுக்சிகாவும் தமரினும். லுக்சிகாவுக்கு 21 வயது, தமரினுக்கு 37. அதே போட்டியில் சானியாவும் பிரார்த்தனா தோம்பரேயும் வெண்கலம். பூசானில் வெள்ளி வாங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே கொரியாவில் தங்கம்.

இரட்டையரைப் பற்றி நான் இதுவரை சரியாகவே எழுதவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. 2011 விம்பிள்டனில் எரகோவிச்சோடு இரட்டையர் அரை இறுதி. அந்த எரகோவிச் யார் தெரியுமா? 2008 விம்பிள்டன் மூன்றாம் சுற்றில் தமரினிடம் தோற்றவர். தன்னை வென்றவரோடு ஜோடி சேர்ந்து பட்டாயாவில் கோப்பை, லண்டனில் அரை இறுதி. எனக்கு இந்த ஒரு விஷயம் மிகவும் பிடித்திருக்கிறது. சுற்றிச் சுற்றி அதே ஆட்களோடு இருபது வருடம் வாழ்வது ஒரு கிராமத்தில் வாழ்வது மாதிரி. ஜூனில் சண்டை, பிப்ரவரியில் சம்பந்தம்.

ஒசாகாவும் மிச்சம். 2010 அக்டோபர். இறுதியில் எதிரே கிமிகோ டாட்டே, 40 வயது. 1996இல் ஓய்வு பெற்று, பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். தமரினுக்கு 33. இரண்டு பேர் வயதையும் கூட்டினால் 73, டபிள்யூடிஏ இறுதி ஆட்டங்களில் அதுவரை காணாத கூட்டுத்தொகை. 7-5, 6-7, 6-1. இரண்டாவது செட்டை டைபிரேக்கில் விட்டுவிட்டு மூன்றாவதை 6-1 என்று எடுப்பது 33 வயதில் சாதாரண விஷயமா? ஜப்பான் மண்ணில், ஜப்பான் கூட்டம் முழுக்க டாட்டே பக்கம் நிற்க. எட்டு மாதம் முன்னால் பட்டாயாவில் கூட்டம் தன் பக்கம் இருந்தும் முடியாதது, இங்கே கூட்டம் எதிர்ப்பக்கம் இருந்தபோது முடிந்தது. அது அவருடைய கடைசி ஒற்றையர் பட்டம். ஓய்வு பெற்றது 2016இல்.

23 ஜூலை 2023

முதல் கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, "சரி, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் லி நாவுக்குச் சமமா?" என்கிறார். சமம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. லி நா இரண்டு கிராண்ட் ஸ்லாம் வென்றவர். ஆனால் லி நாவுக்கு முன்னால் ஒரு பத்து வருடம், ஆசியாவிலிருந்து ஒரு பெண் விம்பிள்டன் இரண்டாவது வாரத்தில் இருந்தால் அது பெரும்பாலும் தமரின்தான். 2008இல்கூடக் கால் இறுதியில் இரண்டு ஆசியர்கள், தமரினும் செங் ஜியேயும். செங் ஜியே அரை இறுதிக்கும் போனார். சீனா வரப்போவதை உலகம் அப்போதுதான் கவனித்தது. தமரின் அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே அங்கே வந்துகொண்டிருந்தார், பெரும்பாலும் தனியாக.

30 ஜூலை 2023

ஒரு வேண்டுகோள். 1996 பட்டாயா இறுதி ஆட்டத்தின் காட்சி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஐந்து நிமிடத் துண்டு என்றாலும் போதும். 19 வயதிலும் முழங்கால் அப்படித்தான் மடங்கியதா என்று பார்க்க வேண்டும். மகள் மடங்கியிருக்கும் என்கிறாள். எனக்கென்னவோ அது பிறகு, லண்டனில், ஒவ்வொரு வருடமாகப் பழகிக்கொண்டது என்றுதான் தோன்றுகிறது.